எண்பத்தாறுக்குக் குறையாமல், நூற்றைந்துக்கு மிகாமல்

அந்த கோல்ஃப் கிளப்பின் கமிட்டி எதையும் அவசரப்பட்டு முடிவு செய்யாது. பெண்கள் உடைமாற்றும் அறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட நாலு கூட்டம் நடத்தியவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட கமிட்டி ஒரே மாலையில், பிஸ்கட் தட்டு காலியாவதற்குள், புத்தம்புது விதி ஒன்றை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டது என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். நேர்கோடு திரும்பி வந்துவிட்டாள்.

நேர்கோடு என்பது கிளப்பே வைத்த பட்டப்பெயர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் அடிக்கும் பந்து நூல் பிடித்தாற்போல் போகும். அப்போது எல்லோரும் அவளை ஆண் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், அவள் ஒருத்தியைத் தவிர. கூடத்துச் சுவரில் தொங்கும் மரப்பலகையில் 'மைதானச் சாதனை 71' என்று பொன்னெழுத்தில் இருக்கிறதே, பதினெட்டுக் குழிக்கும் சேர்த்து எழுபத்தோரு அடி, அது அவள் அடித்ததுதான். பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர்தான் அவளுடையது இல்லை. பிறகு ஒருநாள் மட்டைப் பையை அக்கா வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனாள். வைத்தியம், விண்ணப்பம், கோர்ட்டு, கண்ணீர் என்று படவேண்டியதெல்லாம் பட்டு, வெளியிலும் பெண்ணாகவே ஆகி வந்து நின்றாள். லிஃப்ட் பரிசோதகர் வேலையைக்கூட அவள் விடவில்லை. இந்த ஊரில் எந்தக் கட்டடத்து லிஃப்டும் அவள் ஏறி இறங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஓடும். விட்டது கோல்ஃப் ஒன்றைத்தான்.

"அத விட்டதுதான்க்கா இன்னும் வலிக்குது," என்றாள் ஒருநாள்.

"இவ்வளவு பட்டியே, அதெல்லாம் வலிக்கலையாடி?" என்றாள் அக்கா.

"அதெல்லாம் வேணும்னு பட்டது. இது வேணாம்னு விட்டதில்ல."

அக்கா கட்டிலுக்கு அடியில் குனிந்து பையை இழுத்தாள். அதற்குள் ஒரு எலிக் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சுகமாக இருந்துவந்தது தெரிந்தது.

ஊரில் இருப்பது ஒரே மைதானம். ஆகவே அவள் அந்த கிளப்புக்குத்தான் போயாக வேண்டும், அந்த கிளப்பும் அவளைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். முதல் சிக்கல், என்னவென்று கூப்பிடுவது? 'சார்' என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, 'மேடம்' என்று சொல்லவும் மனம் வராமல் திண்டாடியவர்களுக்குப் பட்டப்பெயர் கைகொடுத்தது. நேர்கோட்டுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. கிளப்பின் நாகரிகத்தை அன்றைக்குக் காப்பாற்றியது அந்தப் பெயர்தான்.

இரண்டாவது சிக்கலைப் பல் டாக்டரம்மா எழுப்பினார். பெண்கள் பிரிவுக்குச் செயலாளர் அவர். பதினோரு வருஷமாகச் சராசரியாகத் தொண்ணூற்று நாலு அடியில் மைதானத்தைச் சுற்றி வருபவர் என்று பேர். பெண்கள் கோப்பை அவர் வீட்டு ஷோகேஸைத் தவிர வேறெங்கும் உட்கார்ந்து பழகியதில்லை. அவர் மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதினார். ஆண் உடம்பின் பலம், எலும்பின் நீளம், தோளின் அகலம் என்று பல்லைத் தவிர எல்லா அவயவங்களையும் அதில் ஆராய்ந்திருந்தார். பெண்கள் தொடங்குகிற சிவப்புக் குறியிலிருந்து நேர்கோடு அடித்தால் பந்து அடுத்த ஊரில்தான் போய் விழும் என்பது சாரம்.

நேர்கோட்டைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். எட்டு வருஷம் மாத்திரை தின்ற உடம்பு அது. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கவே அவள் இப்போது அக்காவைத்தான் கூப்பிடுகிறாள். ஆனால் கேட்டுவிட்டு முடிவு செய்கிற கெட்ட பழக்கம் கமிட்டிக்கு இல்லை.

கமிட்டியில் ஒரு வக்கீல் இருந்தார். "பேர் சொல்லி எழுதாதீங்க, கோர்ட்ல நாறிடுவோம். பொதுவா எழுதுங்க," என்று அவர் எச்சரித்தார். பொதுவாகவே எழுதினார்கள். 'பெண்கள் பிரிவில் ஆடும் எந்தப் பெண்மணியும், துணை ஆட்டக்காரர் கையெழுத்துடன் கமிட்டியிடம் ஒப்படைக்கும் அட்டையில், பதினெட்டுக் குழிகளுக்கும் சேர்த்து அடிகளின் எண்ணிக்கை எண்பத்தாறுக்குக் குறையாமலும் நூற்றைந்துக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். தவறினால் பிரிவில் இடமில்லை.'

கோல்ஃபில் அடி குறையக் குறையத்தான் பெருமை. எண்பத்தாறுக்குக் கீழே அடித்தால், பார்த்தீர்களா, ஆண் பலம். நூற்றைந்தைத் தாண்டினால், பார்த்தீர்களா, ஆடத் தெரியவில்லை. பெண் என்று நம்பும் அளவுக்கு மோசமாகவும், ஆட்டக்காரி என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நன்றாகவும் ஆட வேண்டும். விதியைப் படித்த அக்கா, "இவங்க வீட்ல பொண்ணு பாக்கப் போனாகூட இவ்வளவு கணக்குப் போட மாட்டாங்கடி," என்றாள்.

"ஒரே ஒரு தடவைக்கா. இதுல தேறிட்டா அப்புறம் தினமும் ஆடலாம். தேறலேன்னா பைய மறுபடி எலிக்கே குடுத்துரலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் குரல் உள்ளே போய்விட்டதை அக்கா கவனித்தாள். சனிக்கிழமை காலை பை தூக்க அவளே கிளம்பிவிட்டாள்.

துணை ஆட்டக்காரர் யார்? வேறு யார், பல் டாக்டரம்மாதான். கோல்ஃபில் ஒரு வழக்கம் உண்டு. உன் அடியை நீ எழுதக்கூடாது. என் அட்டை உன் கையில், உன் அட்டை என் கையில். கடைசியில் இரண்டு பேரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் எண்ணிக்கை செல்லும். ஆகவே நேர்கோட்டின் அட்டையை டாக்டரம்மா வாங்கிக்கொண்டார். தன் அட்டையை அவள் கையில் கொடுத்தார். எல்லா ஆட்டத்திலும் செய்வதுதானே என்று யோசிக்காமல் கொடுத்துவிட்டார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வது யானைக்கு மட்டும் உள்ள பழக்கமில்லை.

முதல் அடியைப் பார்க்கக் கூடத்து ஜன்னல்களில் காபிக் கோப்பையோடு கிளப்பே கூடிவிட்டது. பந்து எந்தத் திசையில் மறையும் என்று கண்ணுக்கு மேல் கைவைத்துக்கூடச் சிலர் நின்றார்கள். நேர்கோடு பந்துக்கு முன்னால் நின்றாள். ஒன்பது வருஷமாகக் கனவில் அடித்த அடியை ஓங்கி அடித்தாள். மட்டை பந்தின் தலையில் லேசாகத் தட்டியது. பந்து புல்லுக்குள் உருண்டு, முப்பது அடி தள்ளிப் போய், களைத்து நின்றது.

ஜன்னல்களில் ஒரு பெருமூச்சு எழுந்தது. இத்தனை நாள் பயந்தது வீண் என்றால் யாருக்குத்தான் ஏமாற்றமாக இருக்காது?

"இதுக்கா மூணு பக்கம் எழுதினாங்க?" என்றாள் அக்கா. அவளுக்கு மெதுவாகப் பேச வராது. டாக்டரம்மா தன் கையுறையைத் தீவிரமாகச் சரிசெய்துகொண்டார்.

முதல் குழியில் நேர்கோட்டுக்கு எட்டு அடி. டாக்டரம்மா வலதுபுறப் புதருக்குள் போய், அங்கே கொஞ்ச நேரம் சத்தமும் இலையசைவுமாக இருந்துவிட்டு, பந்தோடு வெளியே வந்து, குழியை முடித்து, "எனக்கு அஞ்சு," என்றார்.

"ஏழு, டாக்டரம்மா."

"அஞ்சுங்க."

"தொடக்கத்துல ஒண்ணு. புல்லுல ஒண்ணு. புதருக்குள்ள மூணு, கிளை ஆடினது தெரிஞ்சுது. வெளில வந்தது அதுல மூணாவது. அப்புறம் குழிகிட்ட ரெண்டு. ஏழு." அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. லிஃப்ட் எத்தனை மாடி இறங்கியது என்று எழுதிப் பழகியவள். எண்ணுவது அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி.

டாக்டரம்மா முறைத்தார். பதினோரு வருஷத்தில் அவரிடம் யாரும் இப்படி எண்ணிக் காட்டியதில்லை. கிளப்பில் பாதிப் பேருக்குப் பல் பார்ப்பவர் அவர். வாயைத் திறந்து அவர் முன்னால் படுக்கவேண்டியவர்கள், அவர் அடியை எண்ண வாயைத் திறப்பார்களா?

ஒன்பது குழி முடிந்தபோது நேர்கோட்டின் கணக்கு ஐம்பத்தெட்டு. மீதி ஒன்பதில் நாற்பத்தேழுக்குள் முடித்தால்தான் நூற்றைந்து. ஆண் பலம் என்ற பேச்சை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

"பழைய உடம்ப நெனச்சுட்டே அடிக்கறேன்க்கா. அவ்வளவு வேகமா சுத்தினா இந்தத் தோள் பின்னாடி வரமாட்டேங்குது."

"எனக்கு இந்த ஆட்டம் ஒரு எழவும் புரியல," என்றாள் அக்கா. "ஆனா புதுச் செருப்பு வாங்கினா பழைய செருப்பு நடையா நடக்க முடியும்? கடிக்கத்தான் செய்யும். இது எப்படி நடக்கச் சொல்லுதோ அப்படி நட."

பத்தாவது குழியில் அவள் பாதிதான் ஓங்கினாள். அவசரப்படாமல், இடுப்பு போன வழியே கையை விட்டாள். டக். அந்தச் சத்தம்! பந்து மட்டையின் நடு வயிற்றில் பட்டால் மட்டும் கேட்கிற சத்தம். பந்து அதிக தூரம் போகவில்லை. ஆனால் நூல் பிடித்தாற்போல் போனது. நேர்கோடு நின்ற இடத்திலேயே வாய்விட்டுச் சிரித்தாள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். இத்தனை வருஷம் இது இல்லாமல் எப்படி இருந்தோம் என்று அவளுக்கே ஆத்திரமாக வந்தது.

அதற்குப் பிறகு பந்து சொன்ன பேச்சைக் கேட்டது. டாக்டரம்மாவின் பந்துதான் கேட்கவில்லை. புதருக்குள் போகும்போதெல்லாம் அவர் இப்போது திரும்பி, எண்ணுகிறாளா என்று பார்த்தார். எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். பதினைந்தாவது குழிக்கு மேல் டாக்டரம்மாவே வெளியே வந்ததும், "எட்டு. சரிதானே?" என்று கேட்க ஆரம்பித்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள். கூடம் நேராகத்தான் இருக்கிறது என்று தெரிந்துபோனால் பாவம், என்னதான் செய்வாள்?

கடைசிக் குழிக்கு வந்தபோது நேர்கோட்டின் மொத்தம் தொண்ணூற்றொன்பது. ஆறு அடியில் முடிக்க வேண்டும். மூன்று அடியில் குழியை ஒட்டிய உயரப் புல்லுக்கு வந்துவிட்டாள். இனி பந்தைக் குழிப்பக்கம் தூக்கிவிட ஒரு அடி, உள்ளே தட்ட இரண்டு. கணக்கு ஆறில் சரியாக முடியும்.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும். மட்டையைப் பந்துக்குப் பின்னால் மெல்ல ஊன்றினாள். புல் மடங்கியது. பந்து ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது.

டாக்டரம்மா அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அக்கா பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தாள். பார்த்தது அவள் ஒருத்திதான்.

"டாக்டரம்மா, என் மட்டை பட்டு பந்து நகந்துடுச்சு. ஒரு அடி அபராதம். எழுதிக்குங்க." பந்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏண்டி! யாருடி கேட்டா உன்ன?"

மூன்றும் ஒன்றும் நாலு. மட்டையால் பந்தைத் தூக்கிப் போட்டாள், ஐந்து. குழிக்கு ஆறடி தூரத்தில் நின்றது. இனி ஒரே தட்டு. தட்டினாள். பந்து ஓடியது, குழியின் விளிம்பு வரை ஓடியது, உள்ளே எட்டிப் பார்த்தது, நின்றுவிட்டது.

விளிம்பில் நிற்கும் பந்துக்குப் பத்து விநாடி அவகாசம் உண்டு. மூன்று பெண்களும் குனிந்து அதையே பார்த்தார்கள். "ஊதட்டுமாடி?" என்றாள் அக்கா. ஊதக்கூடாது. பத்து விநாடி போனது. நேர்கோடு போய் அதை உள்ளே தட்டிவிட்டாள். நூற்றாறு.

கூடத்துக்கு வெளியே மர மேஜையில் அட்டைகளைக் கூட்டினார்கள். டாக்டரம்மா நேர்கோட்டின் அட்டையை இரண்டு தடவை கூட்டினார். பிறகு தன்னுடையதை எட்டிப் பார்த்தார். நூற்றுப் பதினொன்று. மறுபடி பார்த்தார். சொத்தைப் பல்லையாவது பிடுங்கிவிடலாம், இந்த எண் அசையவில்லை.

"இங்க பாருங்க," என்றார், குரலைத் தாழ்த்தி. "உங்க பந்து நகந்தத நான் பாக்கல. பாக்காதத எப்படி எழுதறது? அத எடுத்துட்டா உங்களுக்கு நூத்தஞ்சு. உள்ள வந்துருவீங்க." ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "நீங்களும் அந்தப் புதருக்குள்ள சரியா பாத்திருக்க மாட்டீங்க. இல்லையா?"

நேர்கோடு பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு மைதானத்தைப் பார்த்தாள். ஆசைப்படவில்லை என்று சொன்னால் அது பொய். பத்தாவது குழியின் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருந்தது. நாளைக் காலை, அதற்கடுத்த காலை, செத்துப்போகும் வரை எல்லாக் காலையும் அந்தச் சத்தம். ஒற்றை எண்ணைத் திருத்தினால் போதும். கேட்கிறவரும் சாட்சியும் ஒரே ஆள். இதைவிட வசதி யாருக்குக் கிடைக்கும்? கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"டாக்டரம்மா, முப்பத்தஞ்சு வருஷம் நான் இல்லாத ஒரு ஆளா இருந்து, எல்லாத்துலயும் பொய்யா கையெழுத்துப் போட்டேன். இனி முடியாது. உங்க நூத்தி பதினொண்ணுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

இரண்டு அட்டையிலும் உண்மையை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். மற்ற இரண்டு கையெழுத்தைப் போட டாக்டரம்மாவுக்கு ரொம்ப நேரமானது. அட்டையைக் கிழித்தெறிந்திருக்கலாம். ஆனால் ஜன்னல்களில் காபிக் கோப்பைகள் இன்னும் இருந்தன.

உள்ளே கமிட்டி காத்திருந்தது. தலைவர் முதல் அட்டையை வாங்கிப் பார்த்ததுமே முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார். "நூத்தி ஆறு. அடடா. ஒத்த அடில போச்சே. எங்களுக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அதுக்கு அடியில இன்னொரு அட்டை இருக்கு, சார்," என்றாள் நேர்கோடு.

தலைவர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். பக்கத்திலிருந்த வக்கீலிடம் நகர்த்தினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பினால் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"நூத்தி பதினொண்ணு," என்று வக்கீல் வாய்விட்டுப் படித்தார். தொழில் பழக்கத்தில் விதியையும் எடுத்துப் படித்துவிட்டார். "'எந்தப் பெண்மணியும்...' அப்போ செயலாளரம்மாவுக்கும் பிரிவுல இடமில்ல."

"எனக்கா?" என்றார் டாக்டரம்மா.

"சேச்சே," என்று தலைவர் எழுந்தே விட்டார். "இந்த விதி உங்களுக்கு இல்லம்மா!"

"அப்போ யாருக்குங்க?" என்று கேட்டது அக்கா. மட்டைப் பையோடு வாசலில் நின்றவளை யாரும் கவனித்திருக்கவில்லை.

கமிட்டியில் இருந்த ஒன்பது பேரும் பிஸ்கட் தட்டைப் பார்த்தார்கள்.

"யாருக்குன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க, சார்," என்றாள் நேர்கோடு. "நான் போயிடறேன். திரும்ப வரமாட்டேன்."

தலைவர் பேனாவை எடுத்தார். "எழுதாதீங்க!" என்று வக்கீல் அலறினார்.

"அப்போ பழைய உறுப்பினர்களுக்கு இந்த விதி பொருந்தாதுன்னு போட்டுடலாமா?" என்றார் தலைவர், ஆப்பசைத்த குரங்கு வாலைப் பார்ப்பதுபோல் விதியைப் பார்த்துக்கொண்டு.

வக்கீல் சுவரைக் காட்டினார். மரப்பலகையில் 71 மின்னியது. அந்தக் கமிட்டியின் ஒன்பது பேரில் ஆறு பேர் கிளப்பில் சேர்வதற்கு முன்னால் அடித்த எழுபத்தொன்று.

விதி வாபஸ் ஆனது. தாழ்ப்பாளுக்கு நாலு கூட்டம் எடுத்தவர்கள் இதை நாலு நிமிஷத்தில் முடித்தார்கள். காரணம் என்று எதுவும் எழுதவில்லை, மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. தலைவர் மட்டும், "எங்க கிளப்புக்கு எப்பவுமே பரந்த மனசு," என்று சொல்லிவிட்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

வாசலில் டாக்டரம்மா வழிமறித்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"பதினோரு வருஷமா நான் என்ன ஆடறேன்னு எனக்கே தெரியாம இருந்திருக்கு," என்றார். "செவ்வாக்கிழமை காலைல ஏழு மணி. நீதான் எண்ணணும். வேற எவளும் வாயத் தொறக்க மாட்டா." இரண்டடி போய்த் திரும்பினார். "உன்ன எனக்குப் புடிக்கல. அது வேற விஷயம்."

"சரிங்க, டாக்டரம்மா."

காருக்குப் போகும் வழியில் அக்கா பையைத் தோள் மாற்றிக்கொண்டே, "ஜெயிச்சோமாடி, தோத்தோமா? சொல்லித் தொலை, வீட்ல கேப்பாங்க," என்றாள்.

நேர்கோடு, கமிட்டி திருப்பிக் கொடுத்த தன் அட்டையை மடிக்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள். தேம்பித் தேம்பி அழுதாள்.

"எழுபத்தொண்ணு அடிச்ச அன்னிக்குக்கூட நான் இப்படி அழுததில்லக்கா. இது நூத்தி ஆறு. என் வாழ்க்கைலயே மோசமான ஆட்டம்."

"அது எவனோ அடிச்சது. பலகையில பேர் போட்டிருக்கே," என்றாள் அக்கா. "இது நீ அடிச்சது. பதினெட்டுக் குழியும் கூடவே நடந்து நான் பாத்தேன். மூக்கத் தொடச்சிட்டு இந்தப் பைய வாங்குடி, இடுப்பு ஒடிஞ்சு போச்சு."